பனி வண்டிக்கு இரும்பு வைத்த கதை

ஜூலை மாத வெயிலில் பெனியன் முதுகோடு ஒட்ட, பனியில் ஓடும் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் வியர்த்துக் கொட்டுகிறார் என்றால், அவர் பெரும்பாலும் என் கணவராக இருப்பார். ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து ரயில் பாதையைக் கடந்து இறங்கினால், லொறிக் கொட்டகைகளுக்கு நடுவே ஒரு கராஜ் இருக்கிறது. அங்கேதான் இவருக்கு வேலை. (பெயரைச் சொல்லாமல் 'இவர்' என்றே எழுதுகிறேன். நோர்வேக்காரர்கள் எல்லாம் வாய் நிறைய நேசன், நேசன் என்று கூப்பிடுகிறார்கள். எனக்குத்தான் இவ்வளவு குளிரிலும் அந்தப் பழக்கம் வரவில்லை.) பனிக்காலம் முடிய மலைப் பக்கத்திலிருந்து பனி ஸ்கூட்டர்கள் ட்ரெய்லரில் ஏறி வரும். கோடை முழுவதும் இவர் கையில் கிடக்கும். இலை உதிர்ந்ததும் மறுபடி ட்ரெய்லரில் ஏறிப் போய்விடும். ஒஸ்லோவுக்குள் அவற்றை ஓட்டச் சட்டம் விடாது, சுற்றியுள்ள காட்டுக்குள்ளும் விடாது. ஆகவே சில வருடங்களாகப் பனி ஸ்கூட்டர் திருத்தி வந்த மனிதர், அவற்றில் ஒன்றுகூடப் பனியில் ஓடிக் கண்டதில்லை. இதை ஊரில் இருக்கும் மாமிக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு சொல்லி முடியாது.

"ஸ்கூட்டர் எண்டால் சில்லு எங்கை பிள்ளை?"

"சில்லு இல்லை மாமி. முன்னுக்கு ரெண்டு சறுக்குப் பலகை, பின்னுக்கு ஒரு றப்பர் பட்டை."

"சில்லில்லாத வண்டியைத் திருத்தவே என்ரை பிள்ளை அவ்வளவு தூரம் போனவன்?" என்று மாமி கேட்டார். நியாயமான கேள்விதான்.

இந்த ஸ்கூட்டர்களில் மலைக்கென்றே செய்த ஒரு வகை உண்டு. செங்குத்தான சரிவில் புதுப் பனிக்குள் புதையாமல் ஏற வேண்டும் என்பதற்காக, செய்கிறவர்கள் போட்டி போட்டு எடையைக் குறைத்திருக்கிறார்கள். றப்பர் பட்டைக்கு மேலே கூரை மாதிரிக் கவிந்திருக்கிற உடம்பு முழுக்க மெல்லிய அலுமினியம். அதை இங்கே துன்னெல் என்பார்கள். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம், அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக், பிளாஸ்டிக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை என்று இவர் சொல்லிச் சிரிப்பார். மெலிந்த உடம்புக்கு வருத்தமும் அதிகம். கல்லில் ஒரு தட்டுப் பட்டால் கால் வைக்கும் பலகை வளையும். குலுங்கக் குலுங்க ரிவெட்டுகள் தளரும். தளர்ந்த இடத்திலிருந்து மயிரளவில் ஒரு வெடிப்புப் புறப்பட்டுத் துன்னெலின் குறுக்கே போகும். எஞ்சினைக் குளிர வைப்பதும் பட்டை வாரி எறிகிற பனிதான் என்பதால், வசந்தத்தில் பனி இறுகிப்போனால் வண்டிக்குக் காய்ச்சலும் வந்துவிடும். வெடிப்புக்குக் கம்பனிப் புத்தகம் சொல்லும் வைத்தியம் மிகச் சின்னது. வெடிப்பின் இரண்டு நுனியிலும் டிறில்லால் ஒரு சிறு துளை போட வேண்டும். துளைக்கு வந்ததும் வெடிப்பு மேலே போக வழியில்லாமல் நின்றுவிடுமாம். அதன் மேல் ஒரு மெல்லிய அலுமினியத் துண்டு, நாலு புது ரிவெட், அவ்வளவுதான். "கிழிஞ்ச சீலைக்கு இன்னும் ரெண்டு ஓட்டை போட்டுத் தைக்கிற வேலை" என்று இவர் முதலாளியின் காதுபடத் தமிழில் சொல்வார். முதலாளி அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு தலையாட்டுவார்.

இவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. தொழில் பழகிய காலம் அப்படி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது, பற்றரி வராது, உதிரிப்பாகம் எதுவும் வராது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் சொட்டுப் பெற்றோலை மருந்துப் போத்தலில் வைத்து ஊட்டுவார்கள். அந்த மோட்டார் சைக்கிளில்தான் தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், அரிசி மூட்டை, தையல் மெஷின் எல்லாம் இடம்பெயரும். வழியில் நின்றுவிட்டால் அது எப்படிப்பட்ட இடமாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இவருடைய கராஜில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒருக்கால் திருத்தினது இரண்டாந்தரம் திரும்பி வரக் கூடாது. கரியர் உடைந்ததா, இரண்டு கம்பி இருந்த இடத்தில் நாலு கம்பி. சேஸில் வெடிப்பா, மேலே ஒரு இரும்புப் பட்டம், கீழே ஒரு இரும்புப் பட்டம். என் அண்ணாவின் மோட்டார் சைக்கிளையும் இவர் அப்படித்தான் திருத்திக் கொடுத்தார். தொண்ணூற்றைந்தில் எல்லோரும் ஊரை விட்டு வெளியேறியபோது, அது எங்கள் வீட்டுச் சாமான் முழுவதையும் தென்மராட்சி வரைக்கும் நிற்காமல் சுமந்தது. இந்த மனுசனைக் கட்டலாம் என்று நான் தீர்மானித்ததில் அந்த இரும்புக்கும் ஒரு பங்கு உண்டு.

எனக்கு வேலை அம்மருட்டில், ஒரு பார்னஹாகவில். பெற்றோர் வேலைக்குப் போகச் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பெரித் அங்கே எனக்கு வெகுகாலம் முன்பே சேர்ந்தவர். மதியம் பிள்ளைகள் நித்திரையானதும் ஈரக் கையுறைகளைச் சோடி பார்த்துக் காயப் போட்டபடி நாங்கள் இருவரும் கதைப்போம். திங்கட்கிழமை என்றால் கதை ஹுத்தவைப் பற்றித்தான் இருக்கும். ஹுத்த என்பது மலையில் இருக்கும் விடுமுறைக் குடில். பெரித்தின் ஹுத்தவில் தண்ணீர்க் குழாய் இல்லை, கக்கூஸ் வெளியே, விறகடுப்பு, கிணற்றில் வாளி. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். எனக்கு ஆரம்பத்தில் ஒன்றும் விளங்கவில்லை. கிணறும் விறகடுப்பும் வெளியே கக்கூசும் எங்களிடம் விடுமுறைக்கு என்றில்லாமல் வருடம் முழுவதும் இருந்தனவே, யாரும் பூரித்துப் போகவில்லையே! ஆனால் பெரித் சொல்லச் சொல்லக் கேட்டு, நான் காணாத அந்தக் குடிலின் யன்னல் எந்தப் பக்கம் பார்க்கும், எந்தப் படி சத்தம் போடும் என்பதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது.

பிறகு பெரித்தின் கால்களுக்கு வருத்தம் வந்தது. நரம்பு வருத்தம். முதலில் தடுமாறினார், பிறகு ஊன்றுகோல், பிறகு சக்கர நாற்காலி. வேலையை விட்டார். ஹுத்தவுக்குக் குளிர்காலத்தில் பாதை பாதி தூரம்தான், மிச்சத்தைச் சறுக்குப் பலகையில் கடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களைக் கொண்டு போவதற்கு ஸ்கூட்டர் ஓட்ட நகரசபை அனுமதி கொடுக்கும். அதை எடுத்துக்கொண்டு பெரித்தின் கணவர் கோரெ பழைய மலை ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார். அதன் பின்னால் ஸ்லேட எனப்படும் சறுக்குப் பெட்டியைக் கட்டி, அதற்குள் பெரித்தை இருத்தி இழுத்துக்கொண்டு போனார். சரிவில் தனியாகப் பாய்வதற்கென்று செய்த வண்டி இழுவைக்குத் தாங்குமா? வசந்த விடுமுறையான போஸ்கெக்குப் போகும் வழியில் துன்னெல் வெடித்து, பாதியில் திரும்பி வந்தார்கள். ஹுத்தவை விற்றுவிடலாம் என்று வளர்ந்த பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். "அடுத்த போஸ்கெக்கும் போக முடியாவிட்டால் விற்றுவிடுவோம், மாலா" என்று பெரித் தொலைபேசியில் சொன்னார். நாளைக்கு மழை வரும் என்பது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, நான் உடனே வாயை விட்டேன். "என் கணவரிடம் கொடுங்கள். அவர் திருத்தினால் திரும்பி வராது" என்றேன்.

கோரெ ஸ்கூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். முதலாளி பார்த்துவிட்டு, புத்தகத்தில் உள்ளபடி செய்து அனுப்பு என்று சொல்லிப் போய்விட்டார். புத்தகத்தில் உள்ளபடி செய்தும் முடிந்தது. அதற்கு மேல்தான் இவர் தன் சொந்த நேரத்தில், சொந்தச் செலவில் தொடங்கினார்.

"இந்தத் தகரத்திலை ஒரு ஆளைக் கட்டி இழுக்கிறதே? திரும்ப வெடிக்காமல் என்ன செய்யும்?" என்றார்.

"புத்தகத்திலை இரும்பு வைக்கச் சொல்லிக் கிடக்கோ?"

"புத்தகம் எழுதினவன் பெரித்தை ஏத்திக்கொண்டு மலைக்குப் போறவனோ? நீர் பேசாமல் இரும்."

நானும் பேசாமல்தான் இருந்தேன். என் வாக்கும் அல்லவா அதில் தொங்கிக்கொண்டிருந்தது! துன்னெலின் இரண்டு பக்கமும், ஸ்லேடவை மாட்டும் பின் கொழுவியிலிருந்து எஞ்சின் பக்கம் வரைக்கும், ஆங்கிள் அயன். ரிவெட்டில் நம்பிக்கை இல்லாததால் முழுவதும் போல்ட், நட். கொழுவிக்குக் கீழே விரற்கடைத் தடிப்பில் ஒரு தட்டு. எல்லாவற்றுக்கும் கறுப்பு நிறம் பூசிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "இனி ஆனையைக் கட்டி இழுக்கலாம்" என்றேன், மனதாரத்தான். இலையுதிர் காலத்தில் கோரெ எடுக்க வந்தார். வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் நின்றார். மெதுவாக வைத்தார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "சொலிட்" என்றார். ஆயிரம் நன்றி சொன்னார். உறுதியாக இருக்கிறது என்று புகழ்ந்துவிட்டார் என இவர் ஒரு கிழமை தரையில் கால் பாவாமல் திரிந்தார். இந்த நாட்டில் ஒருவர் அன்பாகச் செய்து கொடுத்ததில் குறை கண்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். எங்கள் ஊராக இருந்தால் வேலை முடிய முன்னமே நாலு பேர் வந்து குறை சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், நாங்களும் திருந்தியிருப்போம்.

அந்தக் குளிர்காலம் பெரித்துக்கு வைத்தியத்திலும் பயிற்சியிலும் போனது. ஸ்கூட்டர் உறையைக் கழற்றாமலே நின்றது. போஸ்கெ நெருங்க, எங்களையும் ஹுத்தவுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. சும்மா அழைப்பில்லை. நோர்வேக்காரர் ஹுத்தவுக்கு அழைப்பது என்றால் கலியாண வீட்டுக்கு அழைப்பதை விடப் பெரிய காரியம். என்ன கொண்டு வர வேண்டும் என்று கேட்டேன். "ஒன்றும் வேண்டாம். கம்பளிக் காலுறை மட்டும்" என்றார் பெரித். ஒன்றும் வேண்டாம் என்றால் நிறையக் கொண்டு போக வேண்டும் என்றுதான் எங்கள் அகராதியில் இருக்கிறது. பெரிய பானை நிறைய ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். ஒரு பை அரிசி, வறுத்த மா, இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, தேங்காய், துருவலை, பருப்பு, ஒரு சாடி மாங்காய் ஊறுகாய் எடுத்தேன். மகள் அபி எட்டு வயதுக்காரி, இங்கே பிறந்தவள். காரின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அம்மா, ஹுத்தவுக்கு எல்லாரும் ஒரு றிக்செக்தான் கொண்டு போறது. ஒரே ஒரு றிக்செக்!"

"வெறுங்கையோடை ஒரு வீட்டுக்குப் போறதே? முதுகிலை கொளுவுற பையிலை கறிப்பானை வைக்கேலுமே?" என்று அவள் வாயை அடைத்தேன்.

பாதை முடிகிற இடத்தில் கோரெ எங்களுக்காகக் காத்து நின்றார். எங்கள் சாமான்களைப் பார்த்தார். "எவ்வளவு நல்லது" என்றார். ஸ்லேடவில் மான் தோலுக்குள் பெரித் உட்கார்ந்திருக்க, அவரைச் சுற்றி அரிசிப் பையையும் பானையையும் உரலையும் அடுக்கினார். பெரித் கறிப்பானையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கோரெ எஞ்சினை முடுக்கினார். நீலப் புகை வந்தது. வண்டி ஒரு தரம் குலுங்கி, மேலெழுந்தது போல நகர்ந்தது. என் கணவர் வாயைத் திறந்தபடி நின்றார். "பாரும், பாரும். மிதக்குதப்பா" என்றார். இத்தனை காலமும் கொங்கிரீட் தரையில் செத்துக் கிடந்ததைத்தான் தொட்டிருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார்.

அபி சறுக்குப் பலகையில் எங்களைச் சுற்றிச் சுற்றி வர, நாங்கள் இருவரும் ஸ்கூட்டர் போன தடத்தில் நடந்தோம். கோரெ மெல்ல ஓட்டுவார், நின்று பார்ப்பார், மறுபடி ஓட்டுவார். பனி இறுகிக் கிடந்ததால் எஞ்சினுக்குச் சூடேறி ஒரு தரம் ஆறவிட வேண்டியும் வந்தது. உறைந்த ஓடை ஒன்றின் பள்ளத்தில் காற்றடித்துக் குவித்த பொடிப் பனி நிறைந்திருந்தது. முன்பக்கம் ஏறிவிட்டது. பின்பக்கம் புதைந்தது. கோரெ இறங்கினார், பழக்கப்பட்ட மனிதரின் நிதானத்தோடு பின்னால் போய்க் குனிந்து தூக்கினார். வரவில்லை. காலை அகட்டி வைத்து மறுபடி தூக்கினார். முகம் சிவந்ததே தவிர வண்டி அசையவில்லை. நாங்கள் மூச்சு வாங்கியபடி கிட்டப் போனதும், கோரெ இவரைப் பார்த்துச் சொன்னார்: "நான் இந்த வண்டியை வாங்கியதே தனியாகத் தூக்கலாம் என்பதற்காகத்தான். நானும் பெரித்தும் மட்டும் வருவோம். புதைந்தால் பின்பக்கத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன்."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னார். ஆனால் இவர் முகம் விழுந்துவிட்டது. ஓடிப் போய்க் கோரெயோடு சேர்ந்து பிடித்தார். இரண்டு பேரும் தூக்கி, கோரெ ஒரு கையை எட்டி எஞ்சினையும் முறுக்க, வண்டி ஏறியது. ஏறும்போது உள்ளே ஏதோ டக்கென்று முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஆங்கிள் அயன் முடிகிற இடம் இருக்கிறதல்லவா, சரியாக அந்த இடத்தில், இரண்டு பக்கமும் அலுமினியம் பிளந்திருந்தது. அதுவரை முழு உடம்பும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வாங்கிய அடியை, இரும்பு வளைய மாட்டேன் என்று முழுவதுமாக முன்னால் தள்ளிவிட்டிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

காற்று எழும்பத் தொடங்கியது. பெரித்தின் கால்களுக்குக் குளிர் உறைக்காது. அதுதான் பயம், உறைந்தாலும் அவருக்குத் தெரியாது. கோரெ மான் தோலை இறுக்கிவிட்டு, திரும்பிவிடலாம், கார்ப் பக்கம்தான் கிட்ட என்றார். பெரித் எங்களைப் பார்க்கவில்லை. அந்த மேட்டுக்கு அப்பால்தான் ஹுத்த. மேட்டையே பார்த்துக்கொண்டு, "டெ கோர் பிரா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். எல்லாம் சரியாக இருக்கும்போதும் அதைத்தான் சொல்வார்கள், எல்லாம் போய்விட்டபோதும் அதைத்தான் சொல்வார்கள். இது எது என்று எனக்குத் தெரிந்தது. போன வருடம் பாதியில் திரும்பினார்கள். இந்த வருடமும் திரும்பினால் வீடு போய்விடும்.

"இஞ்சேருங்கோ, அந்த இரும்பைக் கழட்டுங்கோ" என்றேன்.

"கழட்டினால் தகரம் தனிய நிக்குமே? இழுக்கேக்கை பிஞ்சு போகும்."

"நிக்குதோ இல்லையோ, பாரத்தைக் குறையுங்கோ. நீங்கள் பூட்டினதை நீங்கள் கழட்டுங்கோ. நான் ஏத்தினதை நான் இறக்கிறன்."

அப்படித்தான் செய்தோம். அரிசிப் பை, மா, இடியப்ப உரல், தேங்காய், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பானை. ஒவ்வொன்றாக இறக்கி ஓடைக் கரையில் பனியைத் தோண்டி வைத்தேன். அபி தன் பனிச்சறுக்குக் கோல்களில் ஒன்றை அடையாளத்துக்கு நட்டாள். இவர் வெறுங்கையோடு போல்ட்டுகளைக் கழற்றினார், கையுறையோடு நட் பிடிபடவில்லை. ரிவெட் அடித்திருந்தால் அங்கே ஒன்றும் செய்திருக்க முடியாது, அவநம்பிக்கையும் ஒரு நேரம் உதவுகிறது. இரும்புகள் பானைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. ஸ்லேடவின் இழுவையைப் பின் கொழுவியில் தொங்கவிடாமல், சாமான் கட்டுகிற நாடாவை வண்டிக்கு அடியால் முன்பக்கச் சட்டம் வரைக்கும் கொண்டு போய்க் கட்டினார். கோரெ பின்பக்கத்தைப் பிடித்தார். தூக்கினார். எழும்பியது. ஒற்றைக் கையால் இன்னொரு தரம் தூக்கிக் காட்டினார். இந்த முறை அவரும் சிரித்தார், இவரும் சிரித்தார். வண்டி ஊர்ந்துதான் போனது. பள்ளம் வந்தால் இவர் பக்கத்தில் நடந்து தாங்கிப் பிடித்தார். மேட்டைக் கடந்ததும் பெரித் கையை நீட்டினார். நான் அங்கே போக முன்னமே அறிந்திருந்த வீடு கறுத்த பலகையும் வெள்ளை யன்னலுமாக நின்றது. கோரெ பெரித்தை இரண்டு கையிலும் ஏந்தி உள்ளே கொண்டு போனார். எந்தப் படி சத்தம் போடும் என்று பெரித் சொல்லியிருந்தாரோ, அந்தப் படி சத்தம் போட்டது.

அன்று மாலை யன்னலோரம் பெரித்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கறி பனிக்குள் கிடக்க, நாங்கள் ரொட்டியும் பழுப்புச் சீஸும் சாப்பிட்டோம். உன் ஊரில் உன் வீடு இன்னும் இருக்கிறதா என்று பெரித் கேட்டார். யுத்த நிறுத்தம் வந்ததும் நாங்கள் போய்ப் பார்க்கப் போனதைச் சொன்னேன். வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுவிட்டது. தடையில் நின்ற இளம் சிப்பாய் மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினான். "எவ்வளவு தூரம் அங்கேயிருந்து?" என்று பெரித் கேட்டார். பிள்ளைகள் சத்தம் போட்டால் கேட்கும் தூரம் என்றேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. அப்படி யாரும் இந்த நாட்டில் என் கையைப் பிடித்ததில்லை, எனக்கு அழுகை வந்தது.

காலையில் இவர் புத்தக வைத்தியத்துக்குப் பணிந்தார். வெடிப்பின் நுனிகளில் கோரெயின் கைத்துளைப்பானால் சிறு துளைகள் போட்டார். மேலே வைக்க அலுமினியம் வேண்டும் என்றதும், பெரித் தன் கேக் தட்டைக் கொடுத்தார். அதை வெட்டி, வளைத்து, பழைய போல்ட்டுகளில் சிறியவற்றைப் பார்த்துப் பூட்டினார். இறுக்கி முடித்தபின் கையால் அழுத்திப் பார்த்தார். உடம்பு கொஞ்சம் வளைந்து கொடுத்தது. "இருக்கட்டும், வளையட்டும்" என்றார் தனக்குத்தானே. சூடேறுவதற்கும் வழி செய்தார். சுவரோரம் கிடந்த பழைய இலைவாரியின் வில்லுக் கம்பிகளைக் கழற்றி, பனியைக் கீறி மேலே எறிகிற மாதிரி, றப்பர் பட்டைக்கு உள்ளே இருக்கும் சறுக்குத் தண்டில் கட்டினார்.

திருத்தினவர்தான் முதலில் ஓடிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கராஜ் வழக்கம். உடையவர் பின்னால் இருப்பார். இவர் அதைச் சொன்னதும் கோரெ சங்கடப்பட்டார். அனுமதி பெரித்தின் பேரில் இருக்கிறது, பெரித் இல்லாமல் வண்டி அசைந்தால் சட்டப்படி குற்றம் என்றார். ஆள் அரவமே இல்லாத அந்த மலையில் சட்டத்தைப் பார்க்க ஒரு காகம்கூட இல்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தானாம்.

"அப்படியென்றால் என்னை ஏற்றுங்கள்" என்று பெரித் சொன்னார். "உடையவள் நான்தானே? எனக்கு வந்த சாமான் வேறு ஓடைக்கரையில் கிடக்கிறது."

இவ்வளவு பாடுபட்டு உள்ளே கொண்டு வந்தவரை மறுபடி மான் தோலில் சுற்றி வெளியே கொண்டு போய் ஸ்லேடவில் இருத்தினோம். என் கணவர் ஏறி உட்கார்ந்தார். திரும்பிப் பெரித்தைப் பார்த்தார். பெரித் கட்டை விரலை உயர்த்தினார். வண்டி மெல்லக் கிளம்பி, பிறகு கொஞ்சம் வேகம் பிடித்து, மேட்டில் ஏறி மறைந்தது. பெரித் சிறுபிள்ளை மாதிரிக் கத்தியது காற்றில் வந்தது. கோரெ அபியோடு பனியில் சறுக்கப் போய்விட்டார். நான் மட்டும் ஹுத்தவில் நின்றேன். அடுப்புக்கு விறகு வைத்தேன். கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் அள்ளி வந்து கேத்திலை ஏற்றினேன். கோப்பைகள் எந்தத் தட்டில் இருக்கும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எஞ்சின் சத்தம் கிட்ட வந்ததும் ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். இவர் மூக்கு நுனி சிவக்க, ராசா மாதிரி உட்கார்ந்திருந்தார். பின்னால் பெரித்தைச் சுற்றி அரிசிப் பையும் கறிப்பானையும் இருந்தன. கோரெயும் வந்து சேர்ந்து பெரித்தைத் தூக்கிக்கொண்டு படியேறினார். நான் வாசலுக்குள் நின்றபடி, "வாங்கோ, வாங்கோ, உள்ளுக்கை வாங்கோ" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த நாட்டில் நான் எப்போதும் படியில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்டவள். இந்த நாட்டுக்காரி ஒருத்தியை, அதுவும் அவளுடைய சொந்த வீட்டுக்கு, வாங்கோ என்று நான் கூப்பிட்டுவிட்டேன். வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன.

பெரித்துக்கு மொழி விளங்காவிட்டாலும் விசயம் விளங்கிவிட்டது. கோரெயின் கையில் இருந்தபடியே கதவு நிலையில் கை ஊன்றி அவரை நிறுத்தினார். வெயிலில் தோலுரிந்து கிடந்த கதவை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"கோடைக்கு வந்து இதற்கு நாங்கள் நிறம் பூச வேண்டும்" என்றார். கோரெ அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். விற்கப் போகிற வீட்டுக் கதவுக்கு யாரும் நிறம் பூசுவதில்லை. "மாலா, என்ன நிறம் பூசலாம்?"

"நீலம்" என்றேன், யோசிக்காமலே.

இங்கே ஹுத்தவுக்கு யாரும் நீலம் பூசுவதில்லை. சிவப்பு, கறுப்பு, அதிகம் போனால் பச்சை. நான் ஊரில் விட்டு வந்த எந்தக் கதவின் நிறத்தைச் சொன்னேன் என்று பெரித் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. "நீலமே பூசுவோம்" என்றார். பிறகு, சூடு வெளியே போகிறது, கதவைச் சாத்து என்றார்.

சாத்தினேன்.